மூத்தவன் பெயர்

என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எப்போதோ நிறைவேறிவிட்ட தீர்மானம். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள் என் குணத்துக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லே வைத்திருந்தாள். தமிழில் சொன்னால் மூக்கை நுழைப்பது, அவ்வளவுதான். "அடுத்தவங்க விஷயத்த எதுக்கும்மா கேக்கற? அங்கல்லாம் பக்கத்து வீட்டுக்காரங்க பேரு கூடத் தெரியாது" என்றாள். அதைப் பெருமையாகச் சொன்னாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் கேட்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எந்த ஊர் என்று கேட்பேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் முதுகுவலிக்கு என்ன தைலம் தடவுகிறார் என்று கேட்பேன். வம்பு பேசுகிறவர்கள் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பார்கள். நான் நேராக அவரிடமே கேட்கிறேன். இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

எங்கள் நெல்லித்தோப்புத் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண்ணை அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் மூன்று வருடமாகத் தெரியும். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அன்னக்கூடையை இறக்கிவைத்து, வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து தருவாள். மீன் விற்றாலும் அவளுக்குப் பிடித்தது கத்திரிக்காய்க் காரக்குழம்பு. இரண்டு பெண் பிள்ளைகள்; பெரியவள் லாஸ்பேட்டையில் காலேஜ் படிக்கிறாள். கேள்வி கேட்பதில் மீன்காரியும் லேசுப்பட்டவள் இல்லை. "ஏங்க்கா, நீங்க வேதக்காரங்கதான, அப்புறம் எதுக்குப் பொட்டு வச்சிக்கினு இருக்கீங்க?" என்று, நான் கிறிஸ்தவள் எனத் தெரிந்த முதல் வாரமே கேட்டுவிட்டாள். அன்றே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

போன அக்டோபரில் ஒரு காலை, எனக்குப் பிடித்த வஞ்சிரத் தலையைத் தனியாக எடுத்துவைத்தபடி, "எங்க மூத்தவனுக்கும் தலைன்னாதான் புடிக்கும்" என்றாள்.

"மூத்தவனா? ரெண்டும் பொண்ணுன்னுதான சொன்ன?"

அரிவாள்மனையில் அவள் கை நின்றது. பாதி ஆய்ந்த மீனைத் தட்டில் அப்படியே போட்டாள். கூடையைத் தூக்கித் தலையில் வைக்க எப்போதும் நான்தான் ஒரு கை கொடுப்பேன். அன்று அவளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. "உங்க கேள்வியால எங்களுக்கும் மீன் போச்சி" என்றார் எதிர்வீட்டு அம்மா. மகள், "நான் சொன்னேன்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் பாதியில் போட்டுவிட்டுப் போன மீனை நானே ஆய்ந்தபோது அழுதேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. நல்ல ஒரு சிநேகிதியை ஒற்றைக் கேள்வியில் தொலைத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

நெல்லித்தோப்பு மார்க்கெட் வாசலில் அவள் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன். "சாரின்னு மட்டும் சொல்லு. ஒண்ணும் கேக்காத" என்று மகள் பாடம் சொல்லி அனுப்பினாள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போனேன்.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சாரி சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவன் பேரு என்னம்மா?"

மீன் மேல் தண்ணீர் தெளித்தாள். பிறகு, தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"எட்டு வயசுல ஜொரத்துல போய்ட்டான்க்கா. வூட்ல அவன் பேர எடுக்கக் கூடாதுன்னு மாமியா சொல்லிட்டாங்க. வெளியில யாரும் கேக்கறதில்ல, நான் அழுவேன்னு. பதினோரு வருஷமாச்சி. உங்க மேல கோவமில்ல. வாய் வரைக்கும் வந்துட்ட பேர என்னா பண்றதுன்னு தெரியாம ஓடிட்டேன்."

அப்புறம் பெயரைச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். சரியாகச் சொல்கிறேனா என்று பார்ப்பதுபோல் இன்னொரு முறை சொன்னாள். மீன் தலையில் கண்ணை முதலில் தின்பானாம். தங்கச்சிக்குத் தர மாட்டானாம். சொல்லும்போது சிரித்தாள், அழவும் செய்தாள். வாங்க வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போனார்கள்.

என் பையில் ஒரு சீட்டு இருந்தது. எடுத்தேன்.

"இது என்னாக்கா?"

"எங்க வீட்ல செத்தவங்க பேரு. கல்லறைத் திருநாளுக்குக் கோயில்ல சாமியார் படிப்பாரு."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரியா?"

"மைக்குல."

"எழுதுங்க."

பூசையன்று கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சூசைகளுக்கும் மரிகளுக்கும் நடுவில் அவள் பிள்ளைக்கு வைத்த குலசாமிப் பெயரைச் சாமியார் வாசித்தபோது முன்னால் இரண்டு தலைகள் திரும்பின. வெளியே வந்ததும் எங்கள் கோயில் பங்கில் பெரிய மனுஷி ஒருவர் என்னை ஓரங்கட்டி, அந்தப் பெயர் யாருடையது, நம்மவர் இல்லையே என்றார். வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது. "என் மூத்தவன்." மூன்று வருடமாகக் கேட்டுப் பழகிய அந்தக் குரல் அவ்வளவு ஓங்கி ஒலித்து நான் கேட்டதில்லை.

மகள் இன்னமும் என் கட்சியில் சேரவில்லை. அது அவள் இஷ்டம். நான் திருந்துவதாக இல்லை.

அவன் பெயர் என்ன என்று நீங்கள் இப்போது யோசிக்கலாம். எழுத மாட்டேன். காலை ஏழரைக்கு அவள் எங்கள் தெருவுக்கு வருவாள். வந்து, அவளையே கேளுங்கள்.