ஓரக்கண்ணில் விழுந்த விண்மீன் திரள்கள்

கற்பிட்டிக் கடற்கரையில் மாதா மாதம் பிறையை முதலில் காண்பவர் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அந்தக் கண்ணில் அவருக்கு அப்படியொரு பெருமை. அவர் கண்ணுக்குத் தெரியாத எதுவும் வானத்தில் இல்லை என்பது ஊரின் தீர்ப்பு. என் கரைச்சல், தலைவலி எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

நான் தொலைநோக்கி வாங்கி மூன்று வருடமாகிறது. கன்னி ராசிப் பக்கம் விண்மீன் திரள்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாகக் கிடக்கின்றன, அதில் நான்கை நானே பார்த்தேன் என்று நான் சொல்லாத ஆளில்லை. வந்து குனிந்தவர்களுக்கோ ஒன்றும் தெரியவில்லை. என் தொலைநோக்கிக்குப் 'புளுகுக் குழாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனால் அங்கேயும் அதே சிரிப்பு. ஒரே ஒருவராவது பார்த்துத் தொலைத்தால் போதும் என்று எனக்கு வெறி பிடித்திருந்தது.

போன வருடம் ஒரு பிறை நாள். பிறை சீக்கிரமே மறைந்து வானம் நன்றாகக் கறுத்திருந்தது. இஷா தொழுதுவிட்டு வந்த மச்சானைக் கையோடு எங்கள் முற்றத்துக்கு இழுத்து வந்தேன்.

"நேரே பார்க்காதீங்க மச்சான். மங்கல் சாமான். பார்வையக் கொஞ்சம் பக்கத்தில வச்சா, ஓரக்கண்ணிலதான் தெரியும்."

"நேரே பார்த்துத் தெரியாததா பக்கத்தில தெரியப்போகுது? என்ன கதை கதைக்கிறீங்க!"

பிறை தேடுகிற பழக்கத்தில் அவர் குழாய்க்குள் நேரே முறைத்தார். முறைக்க முறைக்க எல்லாம் மறைந்தது. "ஒண்டுமே இல்ல மச்சான். சும்மா இருட்டு," என்று நிமிர்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிளேன்டீயும் தொதல் இனிப்பும் கொண்டுவந்த மனைவி தட்டை வைத்துவிட்டு, "தள்ளுங்க நாநா" என்று அண்ணனை விலக்கிக் குனிந்தாள். எனக்குச் சீனி வருத்தம் வந்து இனிப்பு தடையான நாளிலிருந்து, பலகார அலுமாரிப் பக்கம் போகும் என் கையை அடுப்பைப் பார்த்தபடியே கண்டுபிடிப்பவள் அவள்.

"பஞ்சு பஞ்சா... ஓம், இருக்கு. ஒண்டு, ரெண்டு... அல்லாஹ்வே, ஆறு!"

ஆறா! இரண்டு வருடமாக எனக்கு நான்குதான். பொறாமையாகவும் இருந்தது.

தங்கை பொய் சொல்லமாட்டாள் என்பது மச்சானுக்குத் தெரியும். தாடியைத் தடவினார். "அப்ப இருக்குத்தான்," என்றார், மெதுவாக. அந்தச் சொல்லுக்காக அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. சந்தோஷத்தில் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன்.

குனிந்த தலை நிமிராமலே அவள் சொன்னாள்: "ஏழு. அந்தத் தொதல வைங்க."