மாமா கையில் பெல் மூடி

எனக்கு அறுபத்தைந்து வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒருவரும் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றதில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நடந்ததை மட்டும் மறக்க மாட்டேன்.

எங்கள் ஊரும் வேலூரும் ஒரே மாவட்டமாக இருந்த காலம் அது. எனக்குப் பத்து வயதிருக்கும். அடி அண்ணாமலையில் எங்களுக்குச் சாமந்தித் தோட்டம் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அவருக்கு வலிப்பு உண்டு. வந்தால் அம்மா ஓடிப்போய் இடுப்புச் சாவிக்கொத்தை அவர் கையில் திணிப்பாள். இரும்பு பட்டால் நின்றுவிடும் என்று ஊரே நம்பியது. வேலூர் டாக்டரோ மாத்திரை கொடுத்து, சைக்கிளைத் தொடாதே என்று சொல்லிவிட்டார். அம்மா சைக்கிளைப் பூட்டினாள். பூக்கூடையைப் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேறு ஆள் வந்தார். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மாத்திரையில் வெகுநாள் வலிப்பு வராமல் இருந்தது. ஒருநாள் கேட்டார்:

"ஏன்க்கா, கையில இரும்பு இருந்தா வலிப்பு அண்டாதுன்னு நீதான சொல்ற? ஹேண்டில்பார் என்னா, வாழத்தண்டா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாய் மட்டும் ஜாஸ்தி உனக்கு" என்று பூட்டைத் திறந்தாள். பஸ் ரோடு கூடாது, ஏரிக்கரை கூடாது, மண் பாதைதான். தலையில் தடித்த துண்டை முண்டாசாகக் கட்டிவிட்டாள். பக்கத்திலேயே நான் ஓட வேண்டும்.

"ஓட்டும்போது கீழ விழுந்தேன்னு கேட்டேன், அன்னியோட வண்டிய வித்துடுவேன்."

"மெதுவா போ மாமா" என்று மூச்சிரைக்க ஓடுவேன்.

"இதுக்கும் மெதுவா போனா நிக்கத்தான்டி வேணும்!"

ஒரு காலை, பூக்கூடையோடு போகும்போது மாமா சட்டென்று இறங்கினார். "கருகுற வாசன வருது கண்ணு" என்றார். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, தள்ளிப்போய் மணலில் ஒருக்களித்துப் படுத்தார். உடம்பு வெட்டி இழுத்தது.

சாவிக்கொத்து இல்லை. சைக்கிளையே இழுத்து வரப் பார்த்தேன். கூடை பாரத்தோடு அது அசையவில்லை. பெல் மூடியைத் திருகிக் கழற்றி, அவர் உள்ளங்கையில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். மெல்ல அடங்கியது. வெகுநேரம் கழித்துக் கையைப் பார்த்தார்.

"இது என்னா?"

"பெல் மூடி. இரும்பு."

"அதான் ஓடிப்போச்சு" என்று என் தலையைத் தடவினார்.

வீட்டில் மாமா தலைகுனிந்து சைக்கிள் பூட்டுச் சாவியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்காமல் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிப்பு வர்றதுக்கு முன்னாடியே எறங்கிட்டானா?"

"ஆமா."

"நீ சொன்னியா, தானாவா?"

"தானாதான். பெல் மூடிய நான்தான்..."

"வண்டிய உட்டுத் தள்ளிப்போய்ப் படுத்தானா?"

"அதான் சொல்றேன்ல!"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாலு நாள் படுத்துக் கெட" என்றாள் தம்பியிடம். "அப்புறம் நீயே பூவ எடுத்துகினு போ."

நான்தான் மாமாவைக் காப்பாற்றினேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பெற்றவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ராத்திரி சோறுகூட வேண்டாம் என்றேன். அவள் எதைத் தெரிந்துகொள்ள அப்படித் துருவினாள் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

எங்கே கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருதரம் படி. அவசரப்படாமல் படி.