எண்ணெயிலும் ஒட்டிய கவர்

எங்கள் ஊர் மூலக்குளத்தில் என் இறால் ஊறுகாய்க்கு நல்ல பேர். கவர்தான் மானத்தை வாங்கும். வாய்ப்பக்கம் துளி எண்ணெய் பட்டாலும் சீல் பிடிக்காது. "நீங்க சரியா துடைக்கல அண்ணி" என்பாள் நாத்தனார் செல்வி. "நீதான் மிஷின்ல சூடு பத்தாம வெக்கிற" என்பேன் நான். அதோடு நாலு நாள் பேச்சே இருக்காது.

ஒருமுறை சென்னை பஸ்ஸில், காலாப்பட்டு தாண்டியதும் கவர் பிரிந்து, பக்கத்து சீட் அம்மாவின் புடவையெல்லாம் எண்ணெய். நான் அவசரமாக முந்தானையால் துடைக்கப் போனேன். அவரோ திட்டாமல் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேக்கிங் ஃபிலிம் கம்பெனியில் வேலையாம். "உள்பக்கம் சாதா பாலிதீன்மா. அயனோமர்னு ஒரு பிளாஸ்டிக் இருக்கு, எண்ணெய் பட்டாலும் ஒட்டும்" என்றவர், மறுவாரமே சாம்பிள் கவர்கள் அனுப்பிவிட்டார்.

வழக்கம்போல மிஷினில் சூட்டைக் கூட்டினோம். முதல் கவர் சுருங்கிவிட்டது. சூட்டைக் குறைத்தோம். செல்வி அடுத்த கவரில் ஊறுகாயை நிரப்பி, வேண்டுமென்றே அதன் வாயில் எண்ணெயைத் தடவி சீல் போட்டாள். சூடு ஆறுவதற்குள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். விடவே இல்லை! கீழே போட்டு மேலே ஏறி நின்றாள். "ஒரு சொட்டு வரல அண்ணி!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீடே ஓடிவந்தது.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் உறைத்தது. அவளும் சரியாகத்தான் செய்திருக்கிறாள், நானும்தான்; தப்பு கவரின் உள்பக்கத்தில் இருந்திருக்கிறது. இப்போதெல்லாம் யார் மேலாவது கோபம் வந்தால், முதலில் கவரைத் திருப்பிப் பார்க்கிறேன்.