ஞாயிற்றுக்கிழமை இல்லாத பதிவேடு

நீங்கள் செய்யாத தவறுக்கு ஊர் முன்னால் உங்களை நிறுத்தி, "பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய், விட்டுவிடுகிறோம்" என்றால் என்ன செய்வீர்கள்? கையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவீர்களா? யோசித்துப் பதில் சொல்லுங்கள். எங்கள் தீவு ஊரான நெயாஃபுவில் அநேகமாக எல்லோரும் கையை வைத்துவிடுவார்கள். அகனேசி வைக்கவில்லை.

அகனேசிக்கு நாற்பத்து மூன்று வயது. கூட்டுறவுச் சங்கத்தின் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தர். ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போன எங்கள் தீவுக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் அவள் கை வழியாகத்தான் வரும். பணம் அனுப்பும் கடைகள் அடிக்கும் கொள்ளை பொறுக்காமல், மூன்று வருடம் முன்பு சங்கம் பிட்காயினுக்கு மாறியது. ஆட்கள் அங்கிருந்து சங்கத்துக்கு அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அகனேசி அதைத் தலைநகரில் உள்ள மாற்றுக்காரருக்கு அனுப்புவாள். அவருக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் அதை எங்கள் நாட்டுப் பணமான பாங்காவாக்கி அந்தந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்.

வேலை இவ்வளவுதான். ஆனால் அவள் குணம் வேறு. "எப்பவும் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கை அரிக்கும். உடனே ஒரு நோட்டை எடுத்துக் குறிக்க ஆரம்பித்துவிடுவாள். கப்பல் "எப்பவும் கொஞ்சம் லேட்டு" என்று ஊரே சொல்லும். எவ்வளவு லேட்டு என்று ஆறு வருடமாகத் துறைமுகத்தில் நின்று எழுதி வைத்தவள் அவள் ஒருத்திதான். சராசரியாக ஒரு மணி ஐம்பது நிமிடம். அதைக் கப்பல் அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டியபோது, "இதை எதுக்குமா எழுதினே?" என்று கேட்டார்களாம். "நீங்க எழுதலையே, அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

போன மே மாதம் ஒரு வியாழக்கிழமை எங்கள் ஊர் வேயோங்கோவின் அண்ணன் இறந்துபோனார். திங்கட்கிழமை அடக்கம். ஆஸ்திரேலியாவில் பண்டபெர்க்கில் தக்காளி பறிக்கும் அவள் மகன் பெனிசிமானி, மாமனின் சாவு வீட்டில் வைக்க இறைச்சிப் பெட்டிகள் வாங்க உடனே பணம் அனுப்பினான். அது வெள்ளி காலையே சங்கத்துக்கு வந்துவிட்டது. வேயோங்கோவின் கணக்கில் விழுந்தது செவ்வாய் மாலை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சவத்தின் தலைமாட்டில் அமர்ந்திருந்த, அப்பாவின் அக்காவான அத்தைக்கு எங்கள் வழக்கப்படி முதல் மரியாதையாக வைக்க வேண்டியதை வைக்க முடியாமல், துக்கத்துக்கு அடையாளமாகக் கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெறுங்கையோடு நின்றாள் வேயோங்கோ. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

புதன்கிழமை காலை வேயோங்கோ தட்டியதில் சங்கத்து ஜன்னல் அதிர்ந்தது.

"ஏ அகனேசி! வெள்ளிக்கிழமை மூணரைக்கு நீ எங்கடி இருந்தே? துறைமுகத்துல ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு நின்னியே, நான் பார்க்கலைன்னு நெனச்சியா?"

"நின்னேன்க்கா. பணத்தை மூணேகாலுக்கே அனுப்பிட்டுத்தான் போனேன்."

"அனுப்பியிருந்தா ஏன் வரலை? நீந்தியா வந்துச்சு?"

"வரிசை நெரிசலா இருந்துச்சு. நாலு நாளா."

"கப்பலை எண்ணப் போனவ பொத்தானை அமுக்க மறந்துட்டே. அதைச் சொல்லு. வரிசையாம் வரிசை!"

அன்று மாலையே சங்கத்தின் குழு கூடியது. தலைவர் போதகர் லிசியாதே. நல்ல மனிதர், கெட்ட பழக்கம் ஒன்றுதான்: எதையும் சத்தியத்தில் முடித்துவிடப் பார்ப்பார்.

"அகனேசி, இந்தா பைபிள். வெள்ளிக்கிழமைதான் அனுப்பினேன்னு கை வெச்சுச் சொல்லிடு. வேயோங்கோவும் ஏத்துக்குவா. விஷயம் முடிஞ்சுது."

"மாட்டேன் போதகரய்யா."

"ஏன், பயமா?"

"அனுப்பாம பொய் சொல்றவளும் இதே கையைத்தான் வெப்பா. அப்புறம் எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வாரம் குடுங்க. பதிவைக் கொண்டுவந்து காட்டுறேன்."

"காட்ட முடியலைன்னா?"

"சங்கத்துச் சாவியை மேஜை மேல வெச்சுட்டுப் போறேன்."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பிட்காயினின் பொதுப் பேரேட்டை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஆனால் ஒரு பணம் அதில் பதிவாவதைக் கப்பலேறுவது என்று வைத்துக்கொண்டால், அதில் இருப்பது கப்பலில் ஏறியவர்களின் பெயர்கள் மட்டும். இந்தக் கப்பல் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று வரும். கூடுதல் கட்டணம் கொடுப்பவனை முதலில் ஏற்றிக்கொள்ளும். குறைத்துக் கொடுத்தவன் துறைமுகத்திலேயே நிற்பான். அவன் எத்தனை நாள் நின்றான், அவனுக்கு முன்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைக் கப்பல் புத்தகம் சொல்லாது. அன்று யாராவது துறைமுகத்தில் நின்று எண்ணி எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. பேரேட்டின்படி அகனேசியின் பணம் கப்பலேறியது செவ்வாய் மதியம். அவள் துறைமுகத்துக்கு வந்தது வெள்ளியா செவ்வாயா? பேரேடு வாய் திறக்காது.

ஆறு வருடம் துறைமுகத்தில் நின்று எழுதியவளுக்கு இப்போது அதே மாதிரி இன்னொரு ஆள் தேவைப்பட்டது.

அப்படி ஒருவன் ஊரிலேயே இருந்தான். கிடியோனே, கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்காரன். கடையின் மேல் தட்டில் அவனுடைய பழைய கணினி ஒன்று பிட்காயின் வலையில் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையின் நீளத்தை ஒரு கோப்பில் எழுதும். இரண்டு வருடமாக எழுதுகிறது. கேட்டதும் அவனுக்கு ஏக மகிழ்ச்சி.

"அக்கா, இதுக்காகத்தான் நான் பொறந்தேன்னு நெனைக்கிறேன்" என்று அச்சடித்துக் கொடுத்தான்.

வெள்ளி: வரிசை மலை மாதிரி. சனி: இன்னும் பெரிய மலை. ஞாயிறு: ஒன்றுமில்லை, காகிதம் வெள்ளையாக இருந்தது. திங்கள் காலை எட்டு மணி: வரிசையே இல்லை. சில நூறு பேர். அவ்வளவுதான்.

அகனேசி காகிதத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். திங்கள் காலை வரிசை இல்லையென்றால், வெள்ளியன்று அனுப்பிய பணம் ஞாயிற்றுக்குள் ஏறியிருக்க வேண்டும். செவ்வாய் ஏறியது என்றால் அவள் செவ்வாய்தான் அனுப்பியிருக்கிறாள். அவள் கேட்டு வாங்கிய சாட்சி அவளுக்கு எதிராகவே சொல்லியது.

அவள் அதை ஒளிக்கவில்லை. ஒளிக்கவும் முடியாது, ஏனென்றால் அன்று மாலை கவா என்ற வேர்ச்சாற்றை ஆண்கள் கூடிக் குடிக்கும் வட்டத்தில் கிடியோனே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மறுநாள் சந்தையில் சேம்பங்கிழங்கு விற்பவள் வரைக்கும், "திங்கக்கிழமை வரிசையே இல்லையாமே!" என்று கேட்டாள். பிட்காயின் என்றால் என்னவென்றே தெரியாதவள்!

வேறு யாராவது அழுதிருப்பார்கள். அகனேசி கிடியோனேயின் கடைக்குத் திரும்பப் போனாள். அவளை உறுத்தியது ஒரு சின்ன விஷயம்: அவ்வளவு பெரிய மலை ஒரே நாளில் எப்படிக் கரையும்? ஒரு கப்பலில் சில ஆயிரம் பேர்தானே ஏற முடியும்?

"கிடியோனே, இதுக்கு முந்தின திங்கக்கிழமையைக் காட்டு."

காட்டினான். காலை எட்டு மணி: சில நூறு.

"அதுக்கு முந்தினது?"

சில நூறு.

"போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு அடுத்த திங்கள்?"

சில நூறு. இரண்டு வருடத்துத் திங்கட்கிழமைகள் எல்லாவற்றிலும் காலை எட்டு மணிக்கு உலகமே காலியாக இருந்தது.

அகனேசி மெல்லக் கேட்டாள். "சனிக்கிழமை கடையைச் சாத்தும்போது இதை என்ன பண்ணுவே?"

"பிளக்கைப் பிடுங்கிடுவேன்."

"ஏன்?"

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். "என்னக்கா கேள்வி இது? ஞாயிறு வேலை செய்யலாமா? சட்டமே இருக்கே."

"மெஷினுக்குமா?"

"என் கடையில இருக்குற மெஷின்தானே."

அகனேசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வரிசை என்பது ஒவ்வொரு கணினியும் தன் நினைவில் வைத்திருக்கும் பட்டியல். பிளக்கைப் பிடுங்கினால் நினைவு போய்விடும். திங்கள் காலை எழுந்த கணினி அதற்குப் பிறகு வந்தவர்களை மட்டுமே எண்ணும். மூன்று நாளாக நிற்பவர்களைப் பற்றி யாரும் அதற்குத் திரும்பச் சொல்லமாட்டார்கள். தூங்கி எழுந்த காவலாளி, "ராத்திரி யாருமே வரலை" என்று சொன்ன கதைதான். இந்தக் காவலாளியின் வார்த்தையில் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது.

"கிடியோனே, உலகம் வாரா வாரம் காலியாகலைடா. உன் பொட்டிதான் காலியாகுது."

அவன் கோப்பை முதல் திங்கள் வரைக்கும் உருட்டிப் பார்த்தான். "ரெண்டு வருஷமா..." என்றான். பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதேக்கா" என்றான்.

"நீ சொன்னதை நீயேதான் போய் அழிக்கணும். இன்னைக்கு வட்டத்துல."

ஆனால் கிடியோனேயின் பதிவு தவறு என்று காட்டினால் போதாது. சரியான பதிவு வேண்டும். நான்கு நாள் தேடினாள். இணையத்தில் இன்றைய வரிசையைக் காட்ட ஆயிரம் பேர் இருந்தார்கள். பழைய கட்டணம் கேட்டால், நாள் சராசரியைக் கொடுத்தார்கள். அதுவும் கப்பலேறியவர்கள் கொடுத்த கட்டணத்தின் சராசரி. ஏற முடியாதவர்களைச் சராசரியில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. எங்கேதான் தோன்றியிருக்கிறது? ஒரு மன்றத்தில் கேள்வி போட்டாள். ஒருவர் பிட்காயின் என்றால் என்னவென்று அவளுக்கே பாடம் நடத்தினார். ஒருவர் காசு கேட்டார். மூன்றாவதாக எழுதியவர் டாஸ்மேனியாவில் லான்செஸ்டன் பக்கம் பால் பண்ணை வைத்திருக்கும் கிளெனிஸ் என்ற பெண்.

"எந்த நாள் வேணும்?" என்று கேட்டிருந்தார். "ஏழு வருஷமா நிமிஷத்துக்கு நிமிஷம் வெச்சிருக்கேன். யார் எத்தனை மணிக்கு வரிசைக்கு வந்தாங்கன்னுகூட இருக்கு. இதை எதுக்குச் சேர்க்கிறேன்னு என் புருஷன் ஏழு வருஷமாக் கேக்கிறார். பதில் சொல்ல இன்னைக்குத்தான் ஆள் கெடைச்சுது."

"ஞாயித்துக்கிழமையும் ஓடுமா?"

"பசு ஞாயித்துக்கிழமை பால் கறக்காம நிக்குமா? எங்க வீட்ல எதுக்கும் லீவு கெடையாது."

அடுத்த புதன் குழு கூடியபோது கிளெனிஸின் காகிதங்கள் மேஜையில் இருந்தன. வேயோங்கோ கறுப்பு உடையில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். போதகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டினார்.

"வரிசைக்கு வந்த நேரம்... வெள்ளிக்கிழமை ரெண்டு பதினாலு. விடியக்காலையா? அந்த நேரத்துல நீ தூங்கியிருப்பியேம்மா!"

"அது கிரீன்விச் நேரம் போதகரய்யா. நாம பதிமூணு மணி முன்னாடி. கூட்டிப் பாருங்க."

அவர் விரல்விட்டுக் கூட்டினார். மூன்று பதினாலு, மதியம்.

"அடுத்த தாளைப் பாருங்க. வெள்ளியிலேருந்து செவ்வாய் காலை வரைக்கும் கப்பலேறினவங்க குறைஞ்சபட்சம் குடுத்த கட்டணம், பிட்காயின் சில்லறையில தொண்ணூறு. என் பணத்துக்கு நான் வெச்சது எட்டு."

வேயோங்கோ எழுந்துவிட்டாள். "எட்டா? சாவு வீட்டுப் பணத்துக்கு ஏன்டி எட்டு வெச்சே?"

அகனேசி சங்கத்தின் கோப்பைத் திறந்து வைத்தாள். எட்டுக்கு மேல் கட்டணம் வைக்கக் கூடாது என்று குழு போட்ட தீர்மானம். அதன் அடியில் போதகரின் கையெழுத்து. அதற்குப் பின்னால், நெரிசல் நாட்களில் இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி அகனேசி எழுதிய இரண்டு கடிதங்கள். இரண்டிலும் "பின்னர் பார்க்கலாம்".

இதைத்தான் சொல்கிறேன். ஏழு பேர் கூடிப் போட்ட விதி ஒரு பெண்ணைச் சாவு வீட்டில் தலைகுனிய வைத்தது. அந்த ஏழு பேரில் ஒருவரிடமும் யாரும் பைபிளை நீட்டவில்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்தவளிடம் நீட்டினார்கள்.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "இது எங்க தப்பு" என்றார். அந்த மூன்று வார்த்தைக்காக அவரை நான் மதிக்கிறேன். வரம்பு அன்றே நீக்கப்பட்டது. சாவி அகனேசியிடமே இருந்தது.

வாசலில் வேயோங்கோ அவளை மறித்தாள்.

"ஏ, அந்தத் தாளை எனக்கொரு காப்பி போட்டுக் குடு."

"உனக்கெதுக்குக்கா? புரியுமா?"

"எனக்குப் புரியவேணாம். அத்தைக்குக் காட்டணும். பையன் அனுப்பிட்டான், நான் கஞ்சத்தனம் பண்ணலைன்னு. அவ கண்ணாடி போட்டு மூணு தடவை படிப்பா, சனியன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐஸ்கிரீமைப் பத்திச் சொன்னதை மனசுல வெச்சுக்காதே" என்றாள்.

"அன்னைக்குக் கப்பல் ஒண்ணரை மணி லேட்டுக்கா. அதையும் காப்பி போடவா?"

"போடி!"

கிடியோனேதான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடலாமா என்று போதகரிடமே போய்க் கேட்டிருக்கிறான். கோயில் சுவரில் உள்ள கடிகாரம் ஞாயிற்றுக்கிழமை நிற்கிறதா என்று அகனேசி குறுக்கே கேட்டாளாம். போதகர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் யோசிக்கிற வரைக்கும் எங்கள் தீவின் பதிவில் ஞாயிறு வெள்ளையாகவே கிடக்கும்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் சும்மா ஓடும் கணினி ஒன்று இருந்தால் வரிசையில் நிற்பவர்களை இன்றிலிருந்து எண்ணி எழுதி வையுங்கள். கணினி இல்லையா? ரேஷன் கடை வரிசை, ஆஸ்பத்திரி வரிசை, எதுவானாலும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஏறியவர்களின் பெயர் எப்படியும் எங்காவது இருக்கும். நின்றவர்களை எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து.