முதல் டம்ளர்

அக்காவின் கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர் அது. அடிப்பக்கம் அவள் பெயரின் முதல் எழுத்தும் மாமாவின் பெயரின் முதல் எழுத்தும் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கல். தண்டையார்பேட்டையில் ஒரு தெருவில் அது கீழே விழுந்து உருண்டபோது உண்டானது. அதற்கு முன்னால் ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த டம்ளர் ஒரு தண்ணீர் லாரியில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிய துணிப்பைக்குள் இருந்தது. அப்போதெல்லாம் நான் அதைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது. ஆனாலும் அதை அந்த லாரியில் ஏற்றியது நான்தான். இது அக்காவுக்குத் தெரியாது. அவள் கணவரான மாமாவுக்கும் தெரியாது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இயற்பியல் படித்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. நான் படித்ததெல்லாம் வில்லன்களை. கதாநாயகன் என்ன செய்வான் என்பது தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவருக்குக்கூடத் தெரியும். வில்லன் என்ன செய்வான் என்பதில்தானே யோசனை இருக்கிறது? பார்த்த படங்களின் சதித்திட்டங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வைத்திருந்தேன். சுறா விட்ட தொட்டி, அமிலம் கொதிக்கும் தொட்டி, கயிற்றில் தொங்கும் அம்மா, இதற்கெல்லாம் இரண்டுக்கு மேல் கிடையாது. வில்லன் நின்று விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் சுவரை உடைத்துக்கொண்டு நாயகன் வந்துவிடுவான். நாயகனின் தங்கையைக் காதலித்துக் கல்யாணம் செய்து அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறவனுக்கு ஏழு. குடிசைகளைக் கொளுத்திவிட்டு மறுநாள் காலையில் தானே அண்டாவோடு வந்து சோறு போடுகிறவனுக்கு ஒன்பது. பத்து யாருக்கும் போட்டதில்லை. இந்தச் சதிகளெல்லாம் எங்கள் பக்கத்தில்தான் நடக்கும் என்பது வேறு. துறைமுகத்துக் குடோன், கன்டெய்னர்களுக்கு நடுவில் இருட்டுச் சந்து, ஒரு பழைய கிரேன். படத்தில் நல்லவர்கள் தெற்கே எங்கேயோ குடியிருப்பார்கள். கெட்டது செய்ய மட்டும் ராயபுரத்துக்கு வருவார்கள். அடியாட்கள் எங்கள் பாஷை பேசுவார்கள். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை. நம்ம ஏரியா ஸ்கிரீனில் தெரிகிறதே என்று விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

மாமா தண்ணீர் லாரி ஓட்டினார். குழாய்கள் காற்றை மட்டும் துப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. தண்டையார்பேட்டையில் அந்தத் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் லாரி வரும். விடியும் முன்பே தெருவோரம் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டும். குடம் போதாதவர்கள் ஒரு கல்லையோ ஓட்டை வாளியையோ வைத்து இடம் பிடிப்பார்கள். மாமா அந்தக் கல்லுக்கும் மரியாதை கொடுப்பார். யார் சத்தம் போட்டாலும் வரிசையைக் கலைக்க மாட்டார். கால் விளங்காத பீடிக்கடைக்காரர் ஒருவருக்குத் தானே இரண்டு குடம் பிடித்துக் கடை வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் வைப்பார். குழாய்க்கு அடிபிடி வரும்போது, "தள்ளிக்காதீங்கமா, தண்ணி எங்கியும் ஓடிப் போவாது, நானும் போவமாட்டேன்" என்பார். அந்தத் தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் 'தண்ணிக்காரருக்கு' முதல் பந்தியில் இலை விழும். அவர் சம்பாதித்த பெயர் அது. எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு பெயர் கிடையாது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு குடோனில் சண்டைக்காட்சி எடுக்க வந்தார்கள். மழை பெய்ய வைக்கத் தண்ணீர் வேண்டும் என்று மாமாவின் லாரியை அனுப்பியிருந்தார்கள். குடிக்க உதவாத தண்ணீர்தான், ஆனாலும் அது தரையில் ஓடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூடவே போயிருந்தேன். அங்கே ஓர் உதவி இயக்குநர், என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும், வில்லன் ஏரியில் விஷம் கலக்கிறானாம், யாரும் நம்ப மாட்டார்கள் என்று டீ குடித்தபடி புலம்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கை துறுதுறுத்தது. ஏரியை விடுங்கள், அவ்வளவு தண்ணீரில் விஷம் கரைந்தே போய்விடும், இதோ நிற்கிறதே இந்த லாரி போதும் என்றேன். ஒரு தெருவுக்கு ஒரு லாரி. அப்புறம் நான் சொன்னது இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "ஜனங்க குடத்த எடுத்துக்கினு அவங்களாவே வருவாங்க சார். வரிசையில நிப்பாங்க. முந்திப் புடிக்க சண்ட கூடப் போட்டுக்குவாங்க." அவர் டீயைக் கீழே வைத்தார். நான் நிறுத்தியிருக்கலாம். அதற்கு மேலும் ஒன்று சொன்னேன். யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க, மாற்று மருந்தை முன்கூட்டியே போட்டுக்கொண்ட டிரைவர், எல்லார் எதிரிலும் முதல் டம்ளர் தண்ணீரைத் தானே குடித்துக் காட்டட்டும் என்று.

இரண்டே நாளில் அது காட்சியாகிவிட்டது. லாரி கையோடு இருக்கிறது, டிரைவரும் இருக்கிறார், அவரே நடிக்கட்டும் என்றார்கள். ஒரே ஒரு வசனம். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லாரிய வச்சிகினு இந்த மாதிரி பேசலாமா மச்சான்? மன்சுக்கு ஒரு மாதிரி கீது" என்றார். நான் சிரித்தேன். "சினிமாதானே மாமா. யாரு நெஜம்னு நம்பப் போறா?" யோசனை என்னுடையது என்று அவரிடம் சொல்லவில்லை. படத்தின் ஆரம்பத்தில் நன்றி போடும்போது என் பெயரும் வரும் என்று உதவி இயக்குநர் சொல்லியிருந்தார். தியேட்டரில் அதைப் பார்த்து எல்லாரும் அசந்துபோக வேண்டும் என்று காத்திருந்தேன். மாமாவை முறைக்கச் சொன்னார்கள், கொக்கரிக்கச் சொன்னார்கள், எதுவும் வரவில்லை. கடைசியில் தினமும் லாரிக்காரனாக எப்படிப் பேசுவாயோ அப்படியே பேசு என்று விட்டுவிட்டார்கள். அவரும் டம்ளரைக் காலி செய்துவிட்டு, வால்வைத் திறக்கிற பையனிடம் சாதாரணமாகச் சொன்னார்: "ஊத்து மாமு. ஊரே குடிக்கட்டும்."

படம் வந்தபோது அந்தத் தெருவே திரண்டு பக்கத்துத் தியேட்டருக்குப் போனது. மாமாவின் முகம் வந்ததும் விசிலில் காது கிழிந்தது. அப்புறம் அந்த வசனம். விசில் சட்டென்று நின்றுபோனது. அந்த நொடியில் நான் சந்தோஷத்தில் மிதந்தேன். பத்துக்குப் பத்து, என் நோட்டின் முதல் பத்து. திரையில் குடங்களோடு மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்துகொண்டிருந்தார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றிப் பட்டியலில் என் பெயர் வந்திருக்கவில்லை. அந்த ஏமாற்றத்தில், யோசனை என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகிவிட்டது. ஒரே வாரத்தில் படம் ஊத்திக்கொண்டது. வசனம் மட்டும் ஊத்திக்கொள்ளாமல் அந்தத் தெருவில் ஓடிக்கொண்டே இருந்தது.

லாரி முனை திரும்பும்போதே பசங்கள் "ஊத்து மாமு" என்று கத்துவார்கள். இட்லிக்கடை வைத்திருந்த அம்மாதான் முதலில் அந்த விளையாட்டைத் தொடங்கினார். "இன்னா நைனா, இன்னிக்கு இன்னா கலந்துகினு வந்துகீற? படத்துல மாதிரி மொதல்ல நீ குட்சிக் காட்டு, அப்பால நாங்க புடிக்கிறோம்." எல்லாரும் சிரித்தார்கள், மாமாவும் சிரித்துக்கொண்டே உள்ளங்கையில் பிடித்துக் குடித்தார். அடுத்த முறையும் கேட்டார்கள். அதற்கடுத்த முறை அவராகவே குடித்தார். ரோட்டில் குனிந்து கையால் குடிப்பது நன்றாக இல்லை என்று அக்காதான் அந்தக் கல்யாண டம்ளரைக் கொடுத்தனுப்பினாள். நாளாக நாளாகச் சிரிப்பு குறைந்தது, டம்ளர் நிலைத்துவிட்டது. ஒருநாள் அவர் மறந்துவிட்டு நேராகக் குழாயை மாட்டப் போனபோது, முதல் குடத்துக்காரி குடத்தை நீட்டாமல் அப்படியே நின்றாளாம். மாமாவுக்குக் காய்ச்சல் வந்து வேறு டிரைவர் வந்த நாட்களில் யாரும் அந்த டிரைவரைக் குடித்துக் காட்டச் சொல்லவில்லை. இதை மாமா என்னிடம் ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னார். நானும் வேடிக்கை மாதிரியே கேட்டுக்கொண்டேன்.

அந்தக் கோடையில் தெருவில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. நாலைந்து பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் காலை லாரி வந்தபோது குடங்கள் வரிசையில் இருந்தன, ஆட்கள் மட்டும் தள்ளி நின்றார்கள். யாரோ வந்து சொல்லி நான் ஓடினேன். மாமா வழக்கம்போல டம்ளரில் பிடித்து எல்லார் எதிரிலும் குடிக்கப் போனார். மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருந்த ஒருவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். டம்ளர் தார்ரோட்டில் விழுந்து சாக்கடை ஓரம்வரை உருண்டது. "குட்சிக் காட்டாத. படத்துலயும் நீ இப்டித்தான குட்ச்ச?" என்றார் அவர். கோபத்தில்கூடச் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னார்.

மாமா என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். "நீ படிச்சவன், நீ சொல்லு மச்சான். அது சினிமான்னு சொல்லு." நான் சொன்னேன், அது சினிமாங்க, யாரோ எழுதிக் கொடுத்ததுங்க என்று. கூட்டத்தில் ஒரு பெண் உடனே கேட்டாள்: "சினிமாக்காரனுக்கு நம்ம குடத்து வரிசயப் பத்தி இன்னா தெரியும்? லாரி ஓட்றவன் சொல்லித்தான வந்துகீது?" மிகச் சரியான கேள்வி. பதில் தெரிந்த ஒரே ஆள் அங்கே நின்றுகொண்டிருந்தேன். நான் சொன்ன யோசனை அது, இந்த மனுஷனுக்கு அப்படி யோசிக்கவே வராது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அடி விழுந்திருக்கலாம். விழுந்திருந்தால் என்ன? நான் குனிந்து டம்ளரைத் தேடுகிறவனைப் போல நின்றேன். எனக்கு முன்னால் மாமாவே போய் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அன்று அவர் ஒரு குடம் கூட நிரப்பாமல் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதே வாரத்தில் தெரியவந்தது, தெருக்கோடி அடிபம்பில் சாக்கடை கசிந்து கலந்திருக்கிறது என்று. பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிள்ளைகள் தேறி வீடு வந்தார்கள். டம்ளரைத் தட்டிவிட்டவர் வீட்டுக்கே வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இட்லிக்கடை அம்மா இட்லி கொடுத்தனுப்பினார். மாமா எல்லாரிடமும் நல்லபடியாகவே பேசினார். ஆனால் அந்தத் தெருவுக்குத் திரும்பவும் போகவில்லை. மணலியில் ரசாயன டேங்கர் ஓட்டப் போய்விட்டார். அந்த வேலை எப்படி மாமா என்று ஒருமுறை கேட்டேன். "நெடி தாங்காது. ஆனா ஒண்ணு, அங்க யாரும் குடத்த வச்சிகினு நமக்காகக் காத்துகினு நிக்கமாட்டாங்க" என்றார். நிம்மதியாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது, படம் பார்க்கிற வெறி பாதி குறைந்திருக்கிறது. நோட்டு பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. எத்தனையோ வில்லன்களை எடைபோட்டவனுக்கு, தன் வாயிலிருந்து வந்தது எங்கே போய் நிற்கும் என்று பார்க்கத் தெரியவில்லை. குடித்துக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள், காட்டாவிட்டாலும் நம்ப மாட்டார்கள். ஒரு நல்ல மனுஷனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதற்குப் பத்துக்குப் பத்தும் போட்டுக்கொண்டேன்.

போன மாதம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு எண்ணூரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா வேலை முடிந்து வந்து பாயில் உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். "மாமா, அந்தப் படத்தப் பத்தி ஒண்ணு" என்று தொடங்கும்போது அக்காவின் மகள் எனக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள். அந்த லாரி நாட்களில் அவள் கைக்குழந்தை. இப்போது ஏழு வயது. எனக்கு நேராக நின்று, டம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்து விழுங்கிவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினாள். எச்சில் பண்ணியா கொடுப்பது என்று அக்கா உள்ளிருந்து அதட்டினாள். குழந்தைக்குப் புரியவில்லை. "குட்சிக் காட்டிட்டுத்தானம்மா குடுக்கணும்? அப்பா அப்டித்தான குடுக்கும்?" என்றாள். மாமா சிரித்தார். "இன்னா பண்றது மச்சான், எனக்கு அந்தப் பழக்கம் வுடல. பாத்துப் பாத்து அதுவும் புட்ச்சிகிச்சி. நீ இன்னாவோ சொல்ல வந்தியே?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன். விளிம்பின் நசுங்கல் சரியாக என் உதட்டில் வந்து பட்டது. குழந்தை நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை மாமா என்று சொல்லிவிட்டு, ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தேன்.