மழைக்கு நின்ற எண்கள்

ரேடியோவின் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு எண்களை எழுதுவதுதான் எனக்கு வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. கப்பலேறிப் பிழைக்க வந்த தீவில், ஜார்ஜ் டவுனில் கடலைப் பார்த்த ஒரு மாடி அறை. யாரோ யாருக்கோ மோர்ஸில் தட்டும் எண்கள் சிற்றலையில் ஐந்தைந்தாக வரும். வேவுக்காரர்களின் சங்கேதம் என்றார் துரை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வெளியே மூச்சு விடக்கூடாது என்பதால் வீட்டில் தந்தி ஆபீஸ் கிளார்க் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அவற்றைத் தட்டும் கைகளில் ஒன்று எனக்கு நன்றாகப் பழகிப்போனது. தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு வரும். தட்டுகிறவனை நான் பார்த்ததில்லை. ஆனால் ஏழு வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் ஒரு நொடி தயங்குவான். அதை வைத்தே ஆயிரம் பேரில் அவனை அடையாளம் சொல்லிவிடுவேன். சில நாள் பாதியில் சட்டென்று நிறுத்தி, அரைமணி கழித்துத் தொடர்வான். இடி நெருங்கினால் ஏரியல் கம்பியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளே கருகிவிடுவான். அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.

என் வீடு தீவின் நடுவே நிற்கும் மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் புலாவில். ஒரு நாள் பஸ்ஸைவிட்டு இறங்கினால் வாசலெல்லாம் சேறு. "மூணேகாலுக்கு ஒரே இடி லா. காயப்போட்ட துணியெல்லாம் போச்சு," என்றாள் மனைவி. மூன்றேகாலுக்குத்தான் அவன் நிறுத்தியிருந்தான். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது முறையும் பொருந்தியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இடம் தேடும் கருவிகளுக்கு அகப்படாதவனை ஈரத் துணியை வைத்துப் பிடித்துவிட்டேன் அல்லவா? எண்களுக்குப் பக்கத்தில் இருந்த குறிப்புக் கட்டத்தில், பாலிக் புலாவில் மழை பெய்யும்போது நிறுத்துகிறான் என்று எழுதினேன். துரை என் தோளைத் தட்டினார். பொத்திக்கொண்டு எண்களை மட்டும் எழுதியிருக்கலாம்.

போலீஸ் பாலிக் புலாவில் ஏரியல் கம்பியைத் தேடியது. கிடைத்தது ஒரே கம்பி, என் அடுத்த வீட்டில். புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர் அவர். ஊர்ப் பாட்டுக் கேட்கும் ஆசையில் பழைய சாமான்களைச் சேர்த்து ஒரு ரேடியோ செய்திருந்தார். அதில் கேட்கத்தான் முடியும், அனுப்ப முடியாது. எனக்குத் தெரியாதா? ஜாதிக்காய் மரத்தில் அவர் கம்பி கட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான். குறிப்பை எழுதும்போது அந்தக் கம்பி என் நினைவுக்கே வரவில்லை. வெட்கக்கேடு.

அவரைப் பிடித்துப்போன மறுநாள் அவர் மனைவி வந்தாள். "அண்ணே, நீங்க கவர்மெண்ட் ஆளு. அவரு பாட்டுதான் கேட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"சொல்றேம்மா," என்றேன். சொல்லவில்லை. ஏணியைப் பற்றி வாய் திறந்தால் என்னையும் உள்ளே தள்ளுவார்கள் என்று பயந்தேன். நான் கோழை. இதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

அவரைப் பிடித்ததிலிருந்து ஓய்ந்திருந்த அந்தக் கை ஐந்தாம் நாள் மூன்று மணிக்குத் திரும்ப வந்தது. ஏழுக்கு முன்னால் அதே தயக்கம். அழுதுவிட்டேன். டிரஸ்ஸர் பிழைத்தார், ஏணியைச் சொல்லாமலே காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். குறிப்புக் கட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: அதே கை, பிடிபட்டவர் இவர் அல்ல. துரை சிவப்புப் பென்சிலால் அந்த வரியை அடித்தார். ஆள் அகப்பட்டுவிட்டான் என்று மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டதாம். இது வேறு எவனாவதாக இருக்கும், நீ எண்களை மட்டும் எழுது என்றார். அப்போதாவது ஏணியைச் சொல்லியிருக்கலாம். "சரிங்க துரை," என்றேன்.

டிரஸ்ஸரை நாடு கடத்த உத்தரவாயிற்று. நாகப்பட்டினம் கப்பலில் அவரோடு புறப்பட்ட மனைவி, போகிற காலையில் என் வீட்டுக்கு வந்தாள். "நீங்க அவ்வளவு சொல்லியும் அவங்க கேக்கலையேண்ணே. மனசைப் போட்டு வருத்திக்காதீங்க," என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அன்று மூன்று மணிக்கு நான் வேலையில் இருந்தேன். எண்கள் வந்தன. மூன்றே முக்காலுக்குப் பாதியில் நின்றன. மலைக்கு அந்தப் பக்கம் மழை. குறிப்புக் கட்டத்தில் நான் எதுவும் எழுதவில்லை.