தண்ணீர் குடிக்காத பலகை

லுஹர் தொழுகைக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலிலிருந்து ஒருவர் வந்து என் கணவரிடம், "மையித்துப் பலகை அறையோட பூட்டுத் திறப்பு ஒங்கள்ட்டதானே ஈக்கி?" என்று கேட்டார். யாருக்கு என்று உள்ளிருந்து கேட்டேன். பதுளையில் இறந்தவர் பெண் என்றால், மையித்தைக் குளிப்பாட்ட திறப்பு கேட்டு ஜெய்னம்பு ராத்தாதான் வருவார். வேறொருவர் வந்து நின்றதிலேயே, போனது அவர்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

நம்மூரிலும் பசறையிலும் எத்தனையோ தாய்மாரை அவர்தான் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினார். பக்கத்தில் நின்று தண்ணீர் வார்த்தவள் நான். அவரைப் பற்றி ஒரு பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அதனால் அந்தப் பலகையின் கதையை நடந்தபடியே எழுதுகிறேன்.

சாமான் தட்டுப்பாட்டுக் காலத்தில் மையித்தைக் கிடத்திக் குளிப்பாட்டும் பழைய பலாப் பலகை உளுத்துப்போனது. தோட்டத்து யூக்கலிப்டஸ் மரத்தில் புதிதாக ஒன்று அறுத்துத் தந்தார்கள். மழைக்காலத்தில் அது தண்ணீரைக் குடித்து ஊதியது. வெயில் கண்டதும் சுருங்கி வெடித்தது. நடுவில் குழி விழுந்து, வார்த்த தண்ணீர் அங்கேயே தேங்கியது. ஒரு மையித்தின் ஈரம் காயுமுன் அடுத்தது வந்துவிடும். பலகை நாறும்.

ஒருநாள் பிரசவத்தில் உயிர் போன ஓர் இளம்பெண்ணைக் குளிப்பாட்டினோம். திருப்பும்போது வெடிப்பிலிருந்த சிராய் அவள் முதுகைக் கிழித்தது. ராத்தா பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார்.

"உசிரோட இருந்தா கத்தியிருப்பா, புள்ள. கத்த ஏலாதவங்கள நாம நோவப்படுத்துறோம்."

எங்கள் ஹார்ட்வெயார் கடையில் மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் பாரபின் மெழுகும் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தன. எண்ணெய் மரத்துக்குள் ஊறி இறுகினால், மெழுகு அதன் துளைகளை அடைத்தால், மரம் தண்ணீரைக் குடிக்காது, ஊதிச் சுருங்கவும் செய்யாது என்று தகர டின்னோடு வந்த தாளில் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன். ராத்தாவுக்கு ஒரு சந்தேகம்.

"இந்த மெழுகு எந்த மிருகத்துட கொழுப்பு?"

"மிருகமில்ல ராத்தா. மண்ணெண்ணெய் வர்ற எடத்துலருந்துதான் இதுவும் வருது."

ஈரப் பலகையில் எண்ணெய் இறங்காது. பேக்கரிக்காரரிடம் கேட்டு, அடுப்புக்கு மேலே பரணில் நாட்கணக்கில் காயவைத்தோம். பிறகு இழைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் டின்னை வைத்து மெழுகை உருக்கி, அடுப்பை விட்டுத் தள்ளி வைத்து எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து பூசினோம். அளப்பது என் வேலை. கண்ணளவுக்கு நான் இணங்க மாட்டேன். ராத்தா பலகையின் இரண்டு முனைகளிலும் ஊற ஊறத் தடவினார். "புது மாப்பிள்ளைக்கும் இப்பிடி எண்ணெய் தேய்ச்சிருக்க மாட்டாங்க," என்று சிரித்தார். மேலே இன்னொரு கை மெழுகும் அவரே பூசினார். போதும் என்றேன். கேட்கவில்லை.

அந்த மழைக்காலத்தின் முதல் மையித்து ஒரு தையற்காரரின் மனைவி. பருத்த உடம்பு. தண்ணீர் பலகையில் நிற்காமல் ஓடியது. ராத்தாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இடப்பக்கம் திருப்பினோம். சவர்க்கார நுரையோடு உடம்பு வழுக்கியது. சிமெந்துத் தரையில் விழுமுன் ராத்தா தன் கையைக் கீழே கொடுத்தார். மையித்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மணிக்கட்டு முறிந்தது.

வெளியே வந்து அந்த வீட்டாரிடம், "பெழ என்னோடது. மெழுகு கூடிப்போச்சு," என்றார். அவர்கள் முறிந்த கையைப் பார்க்கவில்லை. உம்மாவைக் கீழே போட்டுவிட்டாள் என்ற பேச்சு மட்டும் கடைத்தெருவெங்கும் போனது. பல வீடுகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன.

கட்டு அவிழ்த்ததும் என்னிடம் வந்தார். உள்ளே இறங்கிய எண்ணெய் இருக்கட்டும், மேல் மெழுகை மட்டும் எடுப்போம் என்றார். வெந்நீர்த் துணியால் ஒற்றி, சுரண்டி, மணல் தாள் போட்டுத் தேய்த்தோம். பிறகு உடுத்த துணியோடு அவரே பலகையில் ஏறி மல்லாந்து படுத்தார்.

"சவர்க்காரம் போட்டுத் தண்ணிய ஊத்து. என்னயத் திருப்பு."

"ராத்தா, எறங்குங்க. எனக்குப் பயமாயிருக்கு."

"நீ பயந்தாத்தான் நான் விழுவேன். ஒரு கை தோளுல, ஒரு கை இடுப்புல. புடி."

திருப்பினேன். உயிருள்ள அந்த உடம்பு பிணம்போலத் தளர்ந்து கிடந்தது. வழுக்கவில்லை. கண்ணை மூடியபடியே, "என்னயும் இதுலதான் போடுவீங்க. மறக்காத," என்றார்.

அதற்குப் பிறகும் பலர் அவரைக் கூப்பிடவில்லை. காசு கொடுத்து ஆள் கூப்பிட வசதியற்றவர்களின் வீடுகளுக்கு, பஸ் ஏறி, கோணலாகச் சேர்ந்த அந்தக் கையோடு போய்வந்தார். அந்தப் பேச்சை மறுத்து அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

கடந்த மாதம் அவரை நான் குளிப்பாட்டினேன். கூட நிற்க இரண்டு பெண்கள்தான் வந்தார்கள். முகம் கைகால் கழுவி ஒளூச் செய்விக்கும்போது மணிக்கட்டின் புடைப்பு என் விரலில் தட்டியது. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் வைத்து இடப்பக்கம் திருப்பினேன். பலகை அவரைத் தாங்கியது. அன்று மாலையே அது காய்ந்தும்விட்டது.

அறையின் திறப்பு இப்போது என் முந்தானையில் இருக்கிறது. கூப்பிட்டால் நான் வருவேன். எங்கே பிடிக்க வேண்டும் என்பதை, தன் உடம்பையே தந்து அவர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.